சங்கங்களின் எக்செல் தாள்களைப் பைத்தானில் ஒன்று சேர்த்தால் கணக்கு எண், தேதி, பெயர் எல்லாம் மாறுகின்றன

பால்கணக்கு:
வணக்கம். எங்கள் பகுதியில் இருக்கும் பால் சங்கங்களிலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை எக்செல் கோப்பு வரும், சங்கத்துக்கு ஒன்று. உறுப்பினர் எண், பெயர், கதவு எண், ஊர், வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, தேதி, காலையா மாலையா, லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடச்சத்து), தொகை. எல்லாவற்றையும் சேர்த்து வங்கிக்கு ஒரே பட்டியலாக அனுப்ப வேண்டும். இதுவரை காப்பி-பேஸ்ட்தான். இப்போது பாண்டாஸ் என்ற பைத்தான் தரவுத் தொகுப்பை வைத்து எழுதிப் பார்க்கிறேன். கோப்புறையில் இருப்பதை எல்லாம் படித்து ஒட்டுவது சில வரிகளில் முடிந்துவிட்டது, ஆனால் வெளியே வருகிற பட்டியலை நம்பி ஒரு ரூபாய்கூட அனுப்ப முடியாது.

கணக்கு எண்ணின் கடைசியில் புள்ளி சுழியம் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஏப்ரல் முதல் பாதிக் கணக்கில் டிசம்பர் 4 என்று ஒரு தேதி நிற்கிறது. கதவு எண் 3/12 இருந்த இடத்தில் ஒரு முழுத் தேதி வருகிறது. போன தடவைப் பட்டியலோடு பெயரை வைத்து இணைத்தால், கண்ணுக்கு எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத் தெரிகிற பெயர்கள் பொருந்தவில்லை என்கிறது. எதை முதலில் சரிசெய்வது? ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒட்டு போட்டுக்கொண்டே போனால் முடியாது போலிருக்கிறது.

வரிசைமுறை:
நீங்கள் சொன்னவற்றில் பெயர் விஷயம் தனி. மற்ற மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: செல்லில் கண்ணுக்குத் தெரிவது வேறு, உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது வேறு. உங்கள் நிரல் படிப்பது உள்ளே இருப்பதை. புது வகை எக்செல் கோப்பின் (எக்ஸ்எல்எஸ்எக்ஸ்) பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். ஒரு தாளின் எக்ஸ்எம்எல்லில் 2024 ஏப்ரல் 1 என்ற தேதி 45383 என்று வெறும் எண்ணாகக் கிடக்கும். அதைத் தேதியாகக் காட்டச் சொல்லும் குறிப்பு ஸ்டைல் கோப்பில் தனியாக இருக்கும். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணிக்கொண்டே வருகிற கணக்கு அது. 1900-இல் இல்லாத பிப்ரவரி 29-ஐயும் அதில் சேர்த்து எண்ணியிருப்பார்கள், லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் அப்படி எண்ணியதால் அதோடு ஒத்துப்போக எக்செல்லும் அப்படியே வைத்துக்கொண்டது.

சரி, தேதிக்கு வருவோம். அந்தச் சங்கத்தில் தட்டச்சு செய்த கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருந்திருக்கும். அவர் ஏப்ரல் 12 என்ற நினைப்பில் 12/04 அடித்தார், எக்செல் டிசம்பர் 4 என்று எடுத்துக்கொண்டது. 13/04 அடித்தபோது 13-ஆவது மாதம் கிடையாதே, அதனால் அதை உரையாக விட்டுவிட்டது. ஆக அதே நெடுவரிசையில் 12-ஆம் தேதி வரை புரண்ட தேதிகள், அதற்குப் பிறகு சரியான ஆனால் உரையாக இருக்கும் தேதிகள். இங்கேதான் பலரும் நாளை முதலில் வைத்துப் படிக்கச் சொல்லும் டேஃபர்ஸ்ட் என்ற விருப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். அது உரையைத் தேதியாக மாற்றும்போது மட்டும்தான் வேலை செய்யும். ஏற்கெனவே தேதியாகிவிட்ட செல்களைத் தொடாது, அவை புரண்டபடியே இருக்கும்.

உங்களுக்கு ஒரு வசதி, ஒவ்வொரு கோப்பும் எந்த 15 நாளுக்கானது என்று முன்பே தெரியும். அதனால் கோப்பு கோப்பாக முடிவெடுங்கள். தேதிகள் அந்தக் காலவரம்புக்கு வெளியே போய், நாளையும் மாதத்தையும் இடம் மாற்றினால் எல்லாம் உள்ளே வந்துவிடுகிறதா? அப்படியானால் அந்தக் கோப்பில் தேதியாக இருக்கும் செல்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இடம் மாற்றிப் பார்த்தும் சிலது வெளியே நின்றால் எதையும் மாற்றாதீர்கள், நிறுத்தி அந்தச் சங்கத்தைக் கேளுங்கள்.

கதவு எண்ணும் இதே கதைதான். 3/12 என்று அடித்ததை எக்செல் டிசம்பர் 3 ஆக்கிவிட்டது, அமெரிக்க அமைப்பில் என்றால் மார்ச் 12. கணினி எந்த அமைப்பில் இருந்தது என்று தெரிந்தால் திரும்பப் பெறலாம், தெரியாவிட்டால் 3/12-ஆ 12/3-ஆ என்று சொல்ல வழியே இல்லை.

கணக்கு எண்ணில்தான் உண்மையான ஆபத்து. புள்ளி சுழியம் வருவது சின்னப் பிரச்சினை. அந்த நெடுவரிசையில் ஏதாவது ஒரு செல் காலியாக இருந்தால் பாண்டாஸ் முழு நெடுவரிசையையும் தசம எண்ணாக்கிவிடும். படிக்கும்போதே டிடைப் (தரவு வகை) என்ற இடத்தில் எஸ்டிஆர், அதாவது உரை, என்று கொடுத்தால் போய்விடும். ஆனால் எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் காப்பாற்றும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாக அடித்தால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். முன்னால் இருக்கும் சுழியங்களும் போய்விடும். இது கோப்பைச் சேமிப்பதற்கு முன்பே நடந்துவிடுவதால் நீங்கள் எஸ்டிஆர் என்று படித்தாலும் தவறான எண்ணைத்தான் உரையாகப் பெறுவீர்கள். எந்த நிரலாலும் அதை மீட்க முடியாது, பாஸ்புக்கைத்தான் பார்க்க வேண்டும்.

பால்கணக்கு:
இது இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. 16 இலக்க எண்களை வடிகட்டிப் பார்த்தேன், பெரும்பாலானவை சுழியத்தில் முடிகின்றன. போன மாதம் வரை கையால் ஒட்டியபோது பழைய பட்டியலிலிருந்து கணக்கு எண்ணை எடுத்ததால் தப்பித்திருக்கிறது. இப்போது என்ன செய்வது, சங்கங்களை மறுபடியும் அனுப்பச் சொல்வதா?

வரிசைமுறை:
மறுபடி அனுப்பச் சொன்னாலும் அடுத்த தடவை அதேதான் நடக்கும். என் கருத்து, கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் அந்தத் தாளில் இருக்கவே கூடாது. உறுப்பினர் பதிவேடு என்று ஒரே ஒரு கோப்பு உங்களிடம் இருக்கட்டும். சங்கக் குறியீடு, உறுப்பினர் எண், பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, எல்லாம் உரை வடிவில். 15 நாளுக்கு ஒருமுறை வரும் தாளில் உறுப்பினர் எண், தேதி, வேளை, அளவு, சத்து இவ்வளவு போதும். இணைப்பது சங்கக் குறியீடும் உறுப்பினர் எண்ணும் சேர்ந்த ஜோடியை வைத்து, ஏனென்றால் 101-ஆம் உறுப்பினர் எல்லாச் சங்கத்திலும் இருப்பார்.

பதிவேட்டை ஒருமுறை பாஸ்புக்கோடு ஒப்பிட்டுச் சரிசெய்துவிட்டால் பிறகு மாற்றம் வருவது எப்போதாவதுதான். ஐஎஃப்எஸ்சிக்கு ஒரு எளிய சோதனையும் எழுதிவிடலாம்: மொத்தம் 11 இடம், முதல் 4 எழுத்து, 5-ஆவது எப்போதும் சுழியம். அந்தச் சுழியத்துக்குப் பதில் ஓ என்ற ஆங்கில எழுத்தை அடிப்பவர்கள் நிறையப் பேர்.

யாழ்_எழுத்துரு:
பெயர் விஷயத்துக்கு நான் சொல்கிறேன், தமிழ்த் தரவோடு வேலை செய்கிற எல்லோரும் இதில் வந்து முட்டுவார்கள்.

யூனிகோடில் கொ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பிறகு ஒகரக் குறி என்ற ஒரே குறி, அல்லது ககரம், எகரக் குறி, கால் என்று மூன்று துண்டாக. திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு இரண்டும் வேறு. கோ, கௌ இவற்றுக்கும் இப்படித்தான். எந்த விசைப்பலகை, எந்த மாற்றி, எந்தப் பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தது என்பதைப் பொறுத்து ஏதோ ஒன்று வரும். அதனால் பொன்னம்மாள், கோமதி மாதிரிப் பெயர்கள் பொருந்தாமல் போகும், மீனா, ராணி பொருந்திவிடும். உங்கள் பட்டியலில் பொருந்தாதவற்றில் ஒகர ஓகாரம் வரும் பெயர்கள் கூடுதலாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பைத்தானோடு வருகிற யூனிகோடுடேட்டா தொகுப்பில் நார்மலைஸ் என்று ஒரு செயல்கூறு உண்டு, அதை என்எஃப்சி வடிவில், அதாவது துண்டுகளை ஒரே குறியாகச் சேர்க்கும் வடிவில், இரண்டு பக்கப் பெயர்கள் மீதும் ஓடவிட்டால் இது தீர்ந்தது.

ஆனால் அதோடு முடியாது. கௌரி என்ற பெயரை ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியும் ள என்ற எழுத்தும் வைத்துக் கெளரி என்று அடிப்பவர்கள் நிறையப் பேர். அது எழுத்துப் பிழை, என்எஃப்சி அதைத் தொடாது. ஸ்ரீ என்பதை ஸகரத்தில் தொடங்கி அடிப்பதும், பிறகு யூனிகோடில் சேர்த்த ஶகரத்தில் தொடங்கி அடிப்பதும் உண்டு, அவையும் வேறு வேறு. இடையில் கண்ணுக்குத் தெரியாத அகலமில்லா இணைப்பிலிகள் ஒளிந்திருக்கும். பெயரின் கடைசியில் சாதாரண இடைவெளி மாதிரித் தெரியும் உடையா இடைவெளியும் இருக்கும். இவற்றை ஒரு சின்னப் பதிலீட்டுப் பட்டியலில் போட்டு ஒப்பிடுவதற்கு முன்னால் துடைத்துவிடுங்கள். மூலப் பெயரை மாற்றாதீர்கள், ஒப்பிடத் தனியாக ஒரு நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய பெயரை நிரல் தானாகத் திருத்தி வங்கிக்கு அனுப்பினால் பாஸ்புக்கோடு பொருந்தாமல் பணம் திரும்பி வரலாம்.

பழைய கோப்புகளில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தது ஏதாவது இருக்கிறதா? எங்கள் பக்கம் பாமினி இன்னும் வரும். அதில் செல்லுக்குள் இருப்பது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகள். தமிழ் என்ற சொல் பாமினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று கிடக்கும், எழுத்துருதான் அதைத் தமிழாக வரைகிறது. யூனிகோடுக்கு மாற்றும்போது கொ மாதிரி எழுத்துகளில் கவனம் வேண்டும். பாமினியில் கொம்பு முதலில், பிறகு ககரம், பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும், யூனிகோடில் ககரம்தான் முதலில். அதனால் மூன்று எழுத்துச் சேர்க்கைகளை முதலிலும் ஒற்றை எழுத்துகளைக் கடைசியிலும் மாற்ற வேண்டும். இன்னொன்று, அதே தாளில் ஐஎஃப்எஸ்சி உண்மையான ஆங்கிலத்தில் இருக்கும், அதையும் சேர்த்து மாற்றிவிடக் கூடாது. எக்செல் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் ஓப்பன்பைஎக்செல் என்ற பைத்தான் தொகுப்பில் ஒவ்வொரு செல்லின் எழுத்துருப் பெயரையும் கேட்டு வாங்கலாம், பாமினி என்று வந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பாண்டாஸ் எழுத்துருவைப் பார்க்காது.

பவர்_வினவல்:
ஒரு மாற்றுக் கருத்து. இதற்குப் பைத்தான் எதற்கு? எக்செல் 2016-இலிருந்து பவர் குவெரி உள்ளேயே இருக்கிறது. கோப்புறையைக் காட்டினால் எல்லாக் கோப்பையும் படித்து ஒட்டிவிடும், அடுத்த தடவை ரெஃப்ரெஷ் அழுத்தினால் போதும். நீங்கள் நாளைக்கு வேறு வேலைக்குப் போனால் அங்கே இருக்கிற எழுத்தர் அம்மா பைத்தானைத் திறந்து பிழையைக் கண்டுபிடிப்பாரா? எக்செல் அவருக்குத் தெரியும். அலுவலகத்தில் ஒருவருக்கு மட்டும் புரிகிற நிரல் ஓடிக்கொண்டிருப்பது நல்லதல்ல.

வரிசைமுறை:
அலுவலகம் பற்றி நீங்கள் சொல்வதை முழுக்க ஏற்கிறேன், பல இடங்களில் நானே பவர் குவெரியைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் அது கோப்பைச் சேர்த்தவுடன் நெடுவரிசைகளின் வகையை மாற்றும் படி ஒன்றைத் தானாகச் சேர்த்துவிடும், கணக்கு எண்ணை எண்ணாக ஆக்குவது அந்தப் படிதான். பயன்படுத்துபவர்கள் முதல் வேலையாக அதை நீக்கிவிட்டு வகையைத் தாங்களே கொடுக்க வேண்டும்.

இங்கே பைத்தான் சரி என்று நான் நினைப்பதற்குக் காரணம் பாமினி மாதிரி எழுத்துரு பார்த்து முடிவெடுக்கும் வேலையும், என்எஃப்சி வேலையும். பவர் குவெரி செல்லின் எழுத்துருவையோ நிறத்தையோ பார்க்காது. எதில் எழுதினாலும் சரி, சந்தேகம் வந்தால் நிறுத்தி, எந்தக் கோப்பு, எந்த வரிசை, என்ன மதிப்பு என்று தமிழிலேயே ஒரு அறிக்கை எழுதட்டும். பைத்தான் தெரியாத எழுத்தரும் அதைப் படித்துச் சங்கத்துக்கு ஒரு போன் போடலாம்.

ஆய்வுமாணவி:
நான் உயிர்த்தகவலியல் படிக்கிறேன், எங்கள் துறையில் இது பெரிய தலைவலியாக இருந்தது. மார்ச்1, செப்ட்2 என்று மரபணுக்களுக்குப் பெயர் இருந்தது. எக்செல் அவற்றை மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதியாக்கிவிடும். 2016-இல் ஜீனோம் பயாலஜி இதழில் வந்த ஓர் ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியலோடு வெளியான கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதைக் காட்டியது. கடைசியில் மனித மரபணுப் பெயரிடும் குழு 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றியது, செப்ட்2 இப்போது செப்டின்2. எக்செல்லில் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் அமைப்பு 2023-இல்தான் எல்லோருக்கும் வந்தது. புது எக்செல் வைத்திருக்கும் சங்கங்களில் அதை நிறுத்தி வைக்கச் சொல்லலாம், எண்களின் முன்னால் வரும் சுழியங்களாவது பிழைக்கும், ஆனால் 3/12 மாதிரிச் சாய்கோடு உள்ள கதவு எண்ணுக்கு அது உதவாது.

கோப்பு வகையையும் பாருங்கள். 2020-இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் ஏறாமல் போயின. ஆய்வகங்களிலிருந்து வந்த தரவைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் ஏற்றினார்கள், அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான் இடம், மிச்சம் சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. தொற்றாளர்களோடு பழகியவர்களைத் தேடிச் சொல்வது அதனால் நாள்கணக்கில் தள்ளிப்போனது. புது வடிவில் 10,48,576 வரிசை வரை இடம் உண்டு. எத்தனை வரிசை உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணி ஒப்பிட ஒரு வரி எழுதினால் போதும், தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.

திறமூலம்:
இன்னும் சில, அவசரமாக. யாராவது கோப்பை எக்செல்லில் திறந்து வைத்திருந்தால் அதே கோப்புறையில் டில்டா, டாலர் குறிகளோடு தொடங்கும் ஒரு மறைகோப்பு இருக்கும், உங்கள் நிரல் அதையும் படிக்கப் போய்ப் பிழை காட்டி நிற்கும், பெயரைப் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள். எக்ஸ்எல்எஸ் என்று பெயர் இருந்தும் திறக்க மறுக்கும் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், பல இணையதளங்கள் எச்டிஎம்எல் அட்டவணையை அந்தப் பின்னொட்டில் தருகின்றன. அதை ரீட்_எச்டிஎம்எல் வைத்துப் படிக்கலாம்.

மறைத்து வைத்த வரிசைகளைப் பாண்டாஸ் படிக்கும். சங்கத்தை விட்டு விலகியவரின் வரிசையை நீக்காமல் மறைத்து மட்டும் வைத்திருந்தால் அவருக்கும் பணம் போகும். ஊர்ப் பெயரை ஒருங்கிணைத்த செல்லில் எழுதியிருந்தால் மேல் இடது மூலை செல்லில் மட்டும்தான் மதிப்பு இருக்கும், மற்றவை காலி, மேலிருந்து கீழே நிரப்ப எஃப்ஃபில். அப்புறம் கடைசி வரிசையில் மொத்தம் என்று ஒன்று இருக்குமே, அதையும் சேர்த்துக் கூட்டினால் தொகை இரட்டிப்பாகும். அதை வெறுமனே தூக்கி எறியாதீர்கள். தனியாக எடுத்து வைத்து, நீங்கள் கூட்டிய தொகையோடு ஒப்பிடுங்கள், அதைவிட நல்ல சோதனை வேறில்லை.

உண்மையான கணக்கு எண்களை இங்கே ஒட்டிவிட வேண்டாம், மாதிரி வேண்டுமென்றால் எண்களை மாற்றிப் போடுங்கள்.

பால்கணக்கு:
எல்லோருக்கும் நன்றி. பதிவேட்டைப் பிரித்துவிட்டேன், சங்கங்களுக்குக் கணக்கு எண் இல்லாத புதுத் தாள் போய்விட்டது. பெயர்களில் யாழ் நண்பர் சொன்ன மாதிரியே ஒகர ஓகாரம்தான் பெரும்பாலும், என்எஃப்சி கொடுத்ததும் பொருந்திவிட்டன. பாமினியில் எதுவும் இல்லை, ஒரு சங்கம் மட்டும் வானவில், அவர்கள் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

திறமூலம் சொன்ன மொத்தச் சோதனையில் ஒன்று இடிக்கிறது. சில சங்கங்களில் நான் கூட்டுவதும் அவர்கள் எழுதியிருப்பதும் ஓரிரு ரூபாய் வித்தியாசம். வரிசைகள் எல்லாம் சரி, விலையும் சரி. எக்செல்லிலும் பைத்தானிலும் ரவுண்ட் என்றுதான் எழுதியிருக்கிறோம்.

பழைய_மேக்ரோ:
நான் விபிஏ (எக்செல்லுக்குள்ளேயே மேக்ரோ எழுதும் நிரல்மொழி) காலத்து ஆள், ஆனால் இது எனக்கு நன்றாகத் தெரியும், விபிஏவின் ரவுண்டும் எக்செல்லின் ரவுண்டும் இதே மாதிரி முரண்படும். 7.5 லிட்டர், லிட்டருக்கு 35 ரூபாய், 262.50 வரும். எக்செல் தாளில் ரவுண்ட் போட்டால் 263. பைத்தானின் ரவுண்ட் 262 என்று தரும், ஏனென்றால் சரியாகப் பாதியில் நின்றால் அது பக்கத்தில் இருக்கும் இரட்டை எண்ணுக்குப் போகும். 263.50 என்றால் இரண்டுமே 264. அதனால்தான் எல்லா வரிசையிலும் வராமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிறது. பைத்தானின் டெசிமல் தொகுப்பை எடுத்து, பாதியை எப்போதும் மேலே தள்ளும் ரவுண்ட் ஹாஃப் அப் என்ற விதியைக் கொடுங்கள் சார், எண்ணை உரையிலிருந்து டெசிமலாக ஆக்குங்கள், மிதவைப் புள்ளி எண் வழியாக வேண்டாம். ஒவ்வொரு வேளைக்கும் முழு ரூபாயாக்குவதா, 15 நாள் கூட்டிய பிறகா என்பதையும் சங்கங்களிடம் கேட்டு ஒரே மாதிரி வையுங்கள், அதிலும் வித்தியாசம் வரும்.

வங்கிக்குப் போகும் கோப்பில் தொகையைச் சூத்திரமாக எழுதாதீர்கள். ஓப்பன்பைஎக்செல் சூத்திரத்தை எழுதும், கணக்கிடாது. எக்செல்லில் ஒருமுறை திறந்து சேமிக்கும் வரை அந்த செல்லுக்கு மதிப்பே இருக்காது, வங்கியின் மென்பொருள் காலி என்று படிக்கலாம். மதிப்பை நேரடியாக எழுதுங்கள். கணக்கு எண்ணை உரையாக எழுதி அந்த செல்லுக்கு உரை வடிவமும் கொடுங்கள். அவர்கள் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பு) கேட்டால் சிஎஸ்வியாகவே எழுதி அப்படியே அனுப்புங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க நோட்பேடில் திறந்தால் போதும், எக்செல்லில் திறந்து சேமித்தால் 16-ஆவது இலக்கம் மறுபடியும் போய்விடும்.